பேச்சுச் சிகிச்சையா, செவித்திறனியலா? மேற்படிப்பு பற்றிய வாசகர் கேள்விகள்

பேச்சுச் சிகிச்சை, ஆடியாலஜி எனப்படும் செவித்திறனியல் ஆகிய துறைகளில் மேற்படிப்பு பற்றிக் கேட்டு இம்முறை பல கடிதங்கள் வந்திருக்கின்றன. இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சிங்கப்பூரில் பேச்சுச் சிகிச்சையாளராகப் பணியாற்றி வருபவள் என்ற முறையில் அவற்றுள் ஐந்துக்கு விடையளிக்கிறேன். ஒரே கருத்தைக் கேட்ட கடிதங்களைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன்.

பல்கலைக்கழகத்தில் உளவியல் இறுதியாண்டு படிக்கிறேன். பேச்சுச் சிகிச்சை, செவித்திறனியல் இரண்டில் எதையும் முதுநிலையில் எடுக்கலாம் என்று விரிவுரையாளர் சொன்னார். இரண்டுக்கும் வேறுபாடு என்ன? எனக்கு எது பொருந்தும்? – வாசகி, செங்காங்

பாடத்திட்டத்தைப் பார்த்து இந்தக் கேள்விக்கு விடை காண முடியாது. உடற்கூறியல், ஒலியியல், நரம்பியல் என்று முதல் சில மாதங்கள் இரண்டிலும் ஏறத்தாழ ஒரே பாடங்கள்தாம் இருக்கும். வேலையில் ஒரு நாள் எப்படிக் கழிகிறது என்பதைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

பேச்சுச் சிகிச்சை என்றதும், திக்கிப் பேசும் குழந்தையையும் படம் போட்ட அட்டைகளையும்தான் பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அதுவும் உண்டு. ஆனால் பொது மருத்துவமனையில் வேலை பார்க்கும் பேச்சுச் சிகிச்சையாளரின் நாளில் பெரும்பகுதி விழுங்குதலுக்கே போகிறது. பக்கவாதம் வந்து படுக்கையில் இருக்கும் முதியவரை நிமிர்த்தி உட்கார வைத்து, தொண்டையின்மேல் மெல்ல விரல்களை வைத்து, ஒரு தேக்கரண்டித் தண்ணீர் கொடுத்து, குரல்வளை மேலே எழும் நேரத்தை விரலால் உணர்ந்து, விழுங்கிய பிறகு "ஆ" என்று சொல்லச் சொல்லி, அந்தக் குரலில் ஈரம் ஒலிக்கிறதா என்று காது கொடுத்துக் கேட்க வேண்டும். ஈரமாக ஒலித்தால் தண்ணீர் குரல்நாண்களின் அருகே தங்கியிருக்கலாம், மூச்சுக்குழாய்க்குள்ளும் போயிருக்கலாம். தேவைப்பட்டால் எக்ஸ்ரே காணொளியின் உதவியோடும் மூக்கு வழியாகச் செலுத்தும் நுண்கேமராவின் உதவியோடும் உள்ளே நடப்பதைப் பார்க்கிறோம். பிறகு, உணவும் பானமும் எந்த அளவு கெட்டியாக இருக்க வேண்டும் என்பதை 0 முதல் 7 வரையிலான அனைத்துலகப் படிநிலை அளவின்படி முடிவு செய்கிறோம். அதைவிடக் கடினமான வேலை அதற்குப் பிறகுதான் வருகிறது. நாற்பது ஆண்டுகளாகக் காலையில் கோப்பி குடித்தவரிடம், இனி அதில் கெட்டியாக்கும் மாவைக் கலந்துதான் குடிக்க வேண்டும் என்று சொல்லி ஒப்புக்கொள்ள வைப்பதும், அவருடைய மகளுக்கும் வீட்டுப் பணிப்பெண்ணுக்கும் அதைக் கலக்கக் கற்றுக்கொடுப்பதும் சிகிச்சையின் பகுதியே.

செவித்திறன் நிபுணரின் உலகம் வேறு. ஒலி புகாத அறையில், 250 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளை ஒவ்வொரு காதிலும் தனித்தனியே செலுத்தி, மிகக் குறைந்த எந்த அளவில் கேட்கிறது என்று கண்டுபிடிப்பது அன்றாட வேலை. பிறந்து இரண்டு நாளான குழந்தையிடம் "கேட்கிறதா" என்று கேட்க முடியாது. அதனால் உள்காது எழுப்பும் எதிரொலியையும் செவி நரம்பு வழியே மூளைத் தண்டுக்குச் செல்லும் மின் அலைகளையும் கருவிகள் கொண்டு அளக்கிறார்கள். குழந்தைக்கு 1 மாதம் ஆவதற்குள் முதற்கட்டச் சோதனை, 3 மாதத்திற்குள் குறையை உறுதிப்படுத்துதல், 6 மாதத்திற்குள் உதவியைத் தொடங்குதல் என்பது உலகெங்கும் பின்பற்றப்படும் இலக்கு. காதுக்கருவி பொருத்துதல், காக்ளியர் எனப்படும், அறுவை மூலம் உள்காதில் பொருத்தும் கருவி வைத்தவர்களுக்கு அதன் மின்தூண்டல் அளவுகளைச் சீரமைத்தல், தலைச்சுற்றல் நோயாளிகளின் சமநிலையைச் சோதித்தல் ஆகியவையும் அவர்களுடையவை.

என் அனுபவத்தில், அளவையும் கருவியையும் விரும்புபவர்கள், ஒரு சோதனையைத் துல்லியமாக முடித்தால் மனம் நிறைபவர்கள் செவித்திறனியலில் நிலைக்கிறார்கள். முடிவு மங்கலாக இருந்தாலும் பொறுமை இழக்காமல் ஒரே மனிதரோடு மாதக்கணக்கில் நடக்கக் கூடியவர்கள் பேச்சுச் சிகிச்சையில் நிலைக்கிறார்கள். விண்ணப்பிக்கும் முன் இரண்டு துறைகளிலும் ஓரிரு நாளாவது உடனிருந்து பார்க்க அனுமதி கேளுங்கள். குழந்தைகளோடு மட்டும் பார்க்காமல், முதியோர் பிரிவிலும் பாருங்கள். அந்தப் பிரிவில் சளி உறிஞ்சும் இயந்திரத்தின் சத்தத்தைக் கேட்டபடி உங்களால் நிற்க முடிகிறதா என்பது முக்கியமான கேள்வி.

உள்ளூரில் இரண்டுக்கும் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் யோங் லூ லின் மருத்துவப் பள்ளியில் முதுநிலைப் படிப்பு உண்டு. பேச்சு, மொழி நோயியல் முதுநிலைப் படிப்பு 2007இல் தொடங்கியது. அதற்கு முன் இத்தொழிலுக்கு வர விரும்பியவர்கள் வெளிநாடு சென்றே படித்துவிட்டு வந்தார்கள். இரண்டும் இரண்டாண்டு முழுநேரப் படிப்புகள். வேறு துறையில் இளநிலைப் பட்டம் பெற்றவர்களும் சேரக்கூடிய படிப்புகள் என்பதால் உளவியல் பட்டம் உங்களுக்குத் தடையாக இராது. முழுநேரம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். வகுப்பும் மருத்துவமனைப் பயிற்சியும் மாறி மாறி வருவதால் வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம் என்ற எண்ணத்தோடு வராதீர்கள்.

மகள் பலதுறைத் தொழிற்கல்லூரியில் பட்டயம் முடித்திருக்கிறாள். பேச்சுச் சிகிச்சையாளராக முதுநிலைப் பட்டம் கட்டாயம் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். உண்மையா? – ஒரு தாய், தெம்பனிஸ்

இல்லை. சிங்கப்பூர்த் தொழில்நுட்பக் கழகம் 2020ஆம் ஆண்டு முதல் பேச்சு, மொழிச் சிகிச்சையில் நான்காண்டு இளநிலை ஹானர்ஸ் பட்டப்படிப்பை நடத்தி வருகிறது. அதை முடித்தவர்கள் நேரடியாகத் தொழிலுக்கு வரலாம். உங்கள் மகளுக்கு இதுதான் செய்ய வேண்டும் என்ற உறுதி இருந்தால், வேறொரு பட்டம் வாங்கி அதன்மேல் இரண்டாண்டு படிப்பதைவிட இந்த வழி நேரானது. உறுதி இல்லையென்றால், முதலில் மொழியியலோ உளவியலோ உயிரியலோ படிக்கட்டும். பிறகு முதுநிலை வழியாக வரட்டும். செவித்திறனியலுக்கு இங்குள்ள வழி முதுநிலைப் படிப்பே. அதை இளநிலையிலேயே படிக்க விரும்பினால் பக்கத்தில் மலேசிய தேசியப் பல்கலைக்கழகம் இருக்கிறது.

இங்கு இடம் கிடைக்காவிட்டால் வெளிநாட்டில் படிக்கலாம் என்று இருக்கிறேன். ஓராண்டு எம்எஸ்சி ஒன்று மலிவாகத் தெரிகிறது. சென்னையில் எம்எஸ்சி படிக்கலாமா என்றும் யோசனை. என் இளநிலைப் பட்டம் மொழியியல். – வாசகர், உட்லண்ட்ஸ்

பணம் கட்டும் முன் இந்தக் கடிதம் எனக்கு வந்ததில் மகிழ்ச்சி. "மொழி", "செவி", "தொடர்பாடல்" என்ற சொற்கள் பெயரில் இருக்கும் எல்லா முதுநிலைப் படிப்புகளும் சிகிச்சையாளராகும் தகுதியைத் தருவதில்லை. ஆய்வுக்கான படிப்புகள் சில. ஏற்கெனவே சிகிச்சையாளராக இருப்பவர்கள் ஒரு நுட்பத்தில் தேர்ச்சி பெறுவதற்கான படிப்புகள் சில. ஓராண்டில் முடியும் எம்எஸ்சி பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். தொழில் தகுதி தரும் படிப்பில் மேற்பார்வையோடு நோயாளிகளைப் பார்க்கும் பயிற்சி நூற்றுக்கணக்கான மணி நேரம் இருந்தாக வேண்டும். அது ஓராண்டில் அடங்காது.

எனவே எந்த நாடாக இருந்தாலும் பல்கலைக்கழகத்தின் தரவரிசையைப் பார்க்கும் முன், அந்தப் படிப்புக்கு அந்நாட்டுத் தொழில் அமைப்பின் அங்கீகாரம் உண்டா என்று பாருங்கள். பிரிட்டனில் பேச்சுச் சிகிச்சையாளர்களைப் பதிவு செய்வது உடல்நலம், பராமரிப்புத் தொழில்கள் மன்றம். அதன் ஒப்புதல் பெற்ற படிப்புதான் செல்லும். வேறு துறைப் பட்டதாரிகளுக்கான இரண்டாண்டு முதுநிலைப் படிப்பு லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் போன்ற இடங்களில் உண்டு. ஆஸ்திரேலியாவில் ஸ்பீச் பெத்தாலஜி ஆஸ்திரேலியா என்ற அமைப்பு அங்கீகாரம் தருகிறது. மெல்பர்ன், சிட்னி, குவீன்ஸ்லாந்து ஆகிய பல்கலைக்கழகங்களில் இரண்டாண்டு முதுநிலைப் படிப்பு உண்டு. செவித்திறனியலுக்கு மெல்பர்ன், மெக்குவாரி, குவீன்ஸ்லாந்து ஆகியவற்றைப் பாருங்கள். என்னோடு பணியாற்றுபவர்களில் ஆஸ்திரேலியாவில் படித்தவர்கள் பலர். விமானச் சீட்டையும் வீட்டு வாடகையையும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டு முடிவெடுங்கள்.

அமெரிக்காவில் கணக்கு வேறு. அங்கே பேச்சுச் சிகிச்சைக்கு முதுநிலைப் பட்டம், 400 மணி நேரப் பயிற்சி, ஒரு தேசியத் தேர்வு, அதன்பின் 36 வாரம் மேற்பார்வையில் முழுநேர வேலை ஆகிய அனைத்தையும் முடித்தால்தான் அமெரிக்கப் பேச்சு, மொழி, செவிப்புலன் சங்கத்தின் சான்றிதழ் கிடைக்கும். வேறு துறையிலிருந்து வருபவர்கள் உயிரியல், இயற்பியல் அல்லது வேதியியல், புள்ளியியல், சமூக அறிவியல் பாடங்களைத் தனியே முடித்திருக்க வேண்டும். செவித்திறனியலில் முதுநிலைப் பட்டம் அங்கே போதாது. பொதுவாக நான்காண்டு நீளும் ஏயுடி என்னும் தொழில்முறை முனைவர் பட்டமே நுழைவுத் தகுதி. சிங்கப்பூருக்குத் திரும்பி வேலை பார்ப்பதுதான் நோக்கம் என்றால், அந்த நான்காண்டுச் செலவை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சென்னையைப் பற்றி. அங்கே படிப்பின் தரத்தில் எனக்கு எந்த ஐயமும் இல்லை. போரூர் ஸ்ரீராமச்சந்திராவிலும் மைசூரிலுள்ள அகில இந்தியப் பேச்சு, செவிப்புலன் கழகத்திலும் ஒரு மாணவர் பார்க்கும் நோயாளிகளின் எண்ணிக்கையையும் வகைகளையும் இங்கே நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. ஆனால் இந்தியாவில் எம்எஸ்சி என்பது ஏற்கெனவே பிஏஎஸ்எல்பி எனப்படும் செவித்திறனியல், பேச்சு, மொழி நோயியல் இளநிலைப் பட்டம் படித்தவர்களுக்கான இரண்டாம் படி. உள்ளுறைப் பயிற்சியையும் சேர்த்து நான்காண்டு நீளும் அந்த இளநிலைப் படிப்பே அங்கே தொழிலின் வாசல். மொழியியல் பட்டத்தோடு நேரே எம்எஸ்சியில் சேர முடியாது.

இறுதியாக ஒன்று. வெளிநாட்டுப் பட்டத்தோடு இங்கே வரும் பேச்சுச் சிகிச்சையாளர்கள் இணைச் சுகாதாரத் தொழில்கள் மன்றத்தில் பதிவு செய்தாக வேண்டும். 2011இல் நிறைவேறி 2013இல் நடப்புக்கு வந்த சட்டம் இது. எந்தெந்தப் பட்டங்களை ஏற்கிறார்கள் என்ற பட்டியலை மன்றமே வெளியிடுகிறது. சேரும் முன் அந்தப் பட்டியலில் உங்கள் படிப்பின் முழுப் பெயர் அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். பல்கலைக்கழகத்தின் பெயர் மட்டும் இருந்தால் போதாது. பல ஆண்டுகளுக்கு முன், ஓர் இளைஞர் வெளிநாட்டில் பட்டம் வாங்கித் திரும்பியபின் என்னிடம் ஆலோசனை கேட்க வந்தார். அதே பல்கலைக்கழகத்தின் வேறொரு படிப்புதான் அங்கீகாரம் பெற்றது என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. அவர் கொண்டு வந்திருந்த கோப்பில் மதிப்பெண் பட்டியல்கள் அவ்வளவு அழகாக அடுக்கப்பட்டிருந்தன. அதை மூடி அவர் கையில் திருப்பிக் கொடுத்தது இன்னும் என் மனத்தை அறுக்கிறது.

கப்பல் பட்டறையில் பொறியாளராகப் பதினான்கு ஆண்டு வேலை பார்த்தேன். என்னோடு வேலை பார்த்த பலருக்குக் காது மந்தமாவதைக் கண்டு செவித்திறனியல் படிக்க ஆசை. வயது 38. தாமதமாகிவிட்டதா? குடும்பச் செலவுக்கு என்ன வழி? – வாசகர், ஜூரோங் வெஸ்ட்

தாமதம் இல்லை. ஒலியின் இயற்பியல் தெரிந்த பொறியாளர்கள் இந்தத் துறைக்கு நன்றாகப் பொருந்துகிறார்கள். இரைச்சலால் வரும் செவிட்டுத்தன்மை சிங்கப்பூரில் தெரிவிக்கப்பட வேண்டிய தொழில்சார் நோய்களுள் ஒன்று. எட்டு மணி நேர வேலைக்கு 85 டெசிபல் என்பதே வரம்பு. அந்த இரைச்சலில் நின்று வேலை பார்த்த ஒருவர் காதடைப்பான் ஏன் கழற்றப்படுகிறது என்பதை எந்தப் பாடநூலையும்விட நன்றாக அறிவார். நேர்காணலில் அதைச் சொல்லத் தயங்காதீர்கள்.

செலவுக்கு, பொதுச் சுகாதார நிறுவனங்களின் தாய் நிறுவனமான எம்ஓஎச் ஹோல்டிங்ஸ் வழங்கும் சுகாதாரத் துறை உபகாரச் சம்பளங்களைப் பாருங்கள். அவற்றில் பட்டதாரிகளுக்கான பிரிவும் உண்டு. உபகாரச் சம்பளம் பெற்றால் பொதுச் சுகாதார நிறுவனங்களில் குறிப்பிட்ட காலம் பணியாற்றும் கடப்பாடு உண்டு. அதைச் சுமையாக நினைக்காதீர்கள். முதல் வேலையும் மேற்பார்வையும் அதிலேயே உறுதியாகிவிடுகின்றன. ஆனால் இரண்டாண்டு வருமானக் குறைவை உங்கள் மனைவியோடு உட்கார்ந்து தாளில் எழுதிப் பார்த்துவிட்டுத்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

சென்னையில் பிஏஎஸ்எல்பி முடித்து மூன்றாண்டு வேலை பார்த்தேன். திருமணமாகி டிபெண்டன்ட் பாஸில் இங்கு வந்திருக்கிறேன். இங்கே வேலை பார்க்க முடியுமா, மேற்படிப்பு படிக்க வேண்டுமா? தமிழ் தெரிந்திருப்பதால் பயன் உண்டா? – வாசகி, பொங்கோல்

முதலில் சட்டம். 2021 மே 1 முதல் டிபெண்டன்ட் பாஸில் இருப்பவர்கள் வேலை பார்க்க முறையான வேலை அனுமதிச் சீட்டு பெற வேண்டும். எனவே உங்களை வேலைக்கு எடுக்க முன்வரும் நிறுவனம் ஒன்று தேவை. பேச்சுச் சிகிச்சைக்கு மன்றப் பதிவும் தேவை. உங்கள் பட்டத்தையும் அனுபவத்தையும் மதிப்பிட்டு, மேற்பார்வையோடு பணியாற்றும் நிபந்தனைப் பதிவு தரலாமா என்பதை மன்றம் முடிவு செய்யும். மதிப்பெண் பட்டியல், பயிற்சி மணி நேரங்களின் விவரம், இந்திய மறுவாழ்வு மன்றப் பதிவுச் சான்றிதழ், முன்னாள் முதலாளியின் கடிதம் ஆகியவற்றைச் சென்னையிலிருந்து இப்போதே வரவழையுங்கள். பயிற்சி மணி நேரத்தை நோயாளி வகைவாரியாகப் பிரித்துக் கையொப்பம் வாங்குங்கள். பின்னால் அதற்காக அலைவது மிகவும் சிரமம். பதிவு கிடைக்கவில்லையென்றால் மட்டும் முதுநிலைப் படிப்பைப் பற்றி யோசிக்கலாம்.

தமிழைப் பற்றிய கேள்வியைக் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். நானாக இருந்தால் அதை முதலில் கேட்டிருப்பேன். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் தமிழை அதிகம் பேசுவோர் இங்கு வசிப்போரில் 2.5 விழுக்காடுதான். அவர்களுள் பக்கவாதத்திற்குப் பிறகு ஆங்கிலத்தை இழந்து தமிழை மட்டும் வைத்திருக்கும் முதியோரும் உண்டு. அவர்களைத் தமிழில் சோதிக்கத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு.

நான் பணி தொடங்கிய காலத்தில் ஒரு பாட்டியின் சொல்லறிவைச் சோதித்தார்கள். சோதனை ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்க்கப்பட்டது. சந்தையின் படத்தைக் காட்டியதும் அவர் "பசார்" என்றார். நாற்காலியைக் காட்டியதும் "சேர்" என்றார். உடனிருந்தவர் எதிர்பார்த்தது "சந்தை", "நாற்காலி" என்ற எழுத்துத் தமிழ்ச் சொற்களை. இரண்டும் தவறு என்று குறிக்கப்பட்டன. பாட்டி வாழ்நாள் முழுவதும் அந்தச் சொற்களைத்தான் பேசினார். அவர் இழக்காத சொற்களை இழந்ததாகக் கணக்கெழுதினோம். அறிக்கையைத் திருத்தி எழுதும்வரை எனக்கு உறக்கம் வரவில்லை.

செவித்திறன் சோதனையிலும் இதே சிக்கல் உண்டு. கேட்ட சொல்லைத் திருப்பிச் சொல்லும் சோதனையை ஆங்கிலப் பட்டியலால் நடத்தினால், அது காதைவிட ஆங்கில அறிவையே அளந்துவிடும். தமிழ்ப் பட்டியலிலும் கவனம் வேண்டும். "மழை" என்பதை ஒருவர் "மளை" என்று திருப்பிச் சொன்னால், அது காதின் குறையா, அவருடைய இயல்பான உச்சரிப்பா என்று தமிழ் பேசுபவரால்தான் பிரித்தறிய முடியும். வீட்டில் தமிழும் பாலர் பள்ளியில் ஆங்கிலமும் கேட்டு வளரும் குழந்தை ஆங்கிலத்தில் இறந்தகாலத்தைத் தவறவிட்டால், "வந்தான், வந்தா, வந்துச்சு" என்பதைத் தமிழில் சரியாகப் பிரிக்கிறதா என்று பார்த்த பிறகுதான் மொழிக் குறைபாடு என்று சொல்லலாம். இரண்டு மொழி கேட்பதால் எந்தக் குழந்தைக்கும் பேச்சு தாமதமாவதில்லை. தமிழை நிறுத்துங்கள் என்று பெற்றோருக்குச் சொல்லும் அறிவுரைக்கு எந்த ஆதாரமும் இல்லை.

ஆனால் சென்னைத் தமிழ் மட்டும் இங்கே போதாது. மலாய்ச் சொற்கள் கலந்த இங்குள்ள முதியோரின் பேச்சு உங்களுக்குப் புதிதாக இருக்கும். பதிவுக்குக் காத்திருக்கும் மாதங்களில் தமிழ் முதியோர் கூடும் பகல்நேரப் பராமரிப்பு நிலையம் ஒன்றில் தொண்டூழியம் செய்யுங்கள். ஒரு நோட்டை எடுத்துச் செல்லுங்கள். கரண்டி, துணிப்பை, மின்விசிறி, சந்தை, சாவி என்று அன்றாடப் பொருள்களைக் காட்டி, அவர்கள் ஒவ்வொன்றுக்கும் சொல்லும் பெயரை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். சொன்னவரின் வயதையும் எந்த ஊரில் வளர்ந்தார் என்பதையும் பக்கத்தில் குறித்து வையுங்கள். வேலைக்கான நேர்காணலுக்குப் போகும்போது சான்றிதழ்க் கோப்போடு அந்த நோட்டையும் கொண்டுபோங்கள்.